தண்ணீர் போல வைன் குடிக்கிறார்களா? பிரான்ஸ்காரரின் கோப்பையைப் பற்றி மட்டக்களப்பில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் போய், முதல் ஏழு ஆண்டுகள் கோப்பை கழுவினேன். பிறகு தட்டுத் தூக்கினேன். கடைசியில் வைன் போத்தலைத் திறந்து மேசைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு உயர்ந்தேன். இப்போது கல்லடியில் இருக்கிறேன். பாசிக்குடா ஹோட்டல்களுக்குப் பரிசாரகர் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் கேட்டவை, அவர்களுடைய பெற்றோர் கேட்டவை, பாலத்தில் காற்று வாங்கும்போது என்னை மறித்து நிறுத்திக் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. யாரையும் குடிக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடை செய்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்க் கடைப் பலகையில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று இருக்கிறது. உள்ளே வைன் எங்கே?

சாராயத்துக்கும் பியருக்கும் பின்னால், தூசு படிந்த மேல் தட்டில் இரண்டு மூன்று போத்தல்கள் நிற்கும். பலகை எழுதியவருக்குச் ‘சாராயக் கடை’ என்று எழுத வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நான் இங்கே எழுதுவதில் வைன் என்றால் திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து எடுத்தது மட்டுமே.

பிரான்ஸில் தண்ணீருக்குப் பதிலாக வைன்தானாமே?

இதைக் கேட்காத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. நான் போன புதிதில் என் அம்மாவே, “மனே, அங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா?” என்று தொலைபேசியில் கேட்டார்.

ஒரு காலத்தில் அது ஏறக்குறைய உண்மை. 1960 இல் பிரான்ஸில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 120 லீட்டருக்கு மேல் வைன் செலவானது. குழந்தை, கிழவர் எல்லாரையும் சேர்த்து வகுத்த கணக்கு அது. 750 மில்லிலீட்டர் போத்தலாக எண்ணினால் ஆளுக்கு வாரம் மூன்று போத்தல். இன்று 40 லீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது, அதாவது வாரம் ஒன்று. 1980 இல் வளர்ந்தவர்களில் பாதிப்பேர் நாள்தோறும், அல்லது கிட்டத்தட்ட நாள்தோறும், வைன் குடித்தார்கள். இப்போது அப்படிக் குடிப்பவர் பத்தில் ஒருவர் அளவுதான்.

இந்த எண்களை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். அதற்கு முன்பே கழுவும் தொட்டியில் கண்டுவிட்டேன். ஆரம்பத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அடியில் சிவப்புக் கறையோடு கிளாஸ்கள் கூடை கூடையாக வந்து இறங்கும். ஆண்டுகள் போகப் போகக் கூடையில் தண்ணீர்க் கிளாஸ் கூடியது, பியர்க் கிளாஸ் கூடியது. வைன் கிளாஸ் இரவுக்கு என்று ஒதுங்கியது. முதலாளி கணக்குப் புத்தகத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்டதை நான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். இடையில் ஒரு சொல்: வைன் கறையைவிட உதட்டுச்சாயம்தான் கழுவப் பொல்லாதது.

ஏன் குறைந்தது? விலை ஏறிவிட்டதா?

விலை பெரிய காரணம் இல்லை. அங்கே நாலைந்து யூரோவுக்கு இன்றும் குடிக்கத் தக்க போத்தல் கிடைக்கிறது.

முதலில், அவர்கள் ஏன் அவ்வளவு குடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்துத் தண்ணீரை நம்ப முடியாது. கிருமி ஆராய்ச்சி செய்த லூயி பாஸ்டரே வைனை உடலுக்கு நல்ல, சுத்தமான பானம் என்று எழுதினார். முதலாம் உலகப் போரில் படையினருக்கு நாளாந்தப் பங்கீட்டில் வைன் கொடுத்தார்கள். வைன் விளையாத வடக்குப் பகுதி இளைஞனும் அகழியில் அதைப் பழகிக்கொண்டு வீட்டுக்குப் போனான். 1962 வரை பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கறுத்த, தடித்த வைன் வந்தது. தென் பிரான்ஸின் மெலிந்த வைனோடு அதைக் கலந்து, லீட்டர் போத்தலில் அடைத்து, தொழிலாளியின் மேசைக்கு அனுப்பினார்கள். வயலில் வெட்டிக் கொத்துகிறவனுக்கு அது சாப்பாட்டின் ஒரு பகுதி. வெறிக்காகக் குடித்தது என்று சொல்ல முடியாது. நம் படுவான்கரை வயற்காரர் பழஞ்சோற்றுத் தண்ணீரை எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

அந்த வாழ்க்கை போய்விட்டது. வயலில் நின்றவனின் மகன் கணினி முன்னால் உட்கார்ந்தான். இரண்டு மணி நேர மதியச் சாப்பாடு கையில் பிடித்த பாண் துண்டாகச் சுருங்கியது. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆனது. வீட்டுக்கு ஒரு கார் வந்தது. 1995 முதல் இரத்தத்தில் லீட்டருக்கு அரைக் கிராம் மதுவுக்கு மேல் ஓட்டுநருக்கு ஆகாது என்ற சட்டம் வந்தது. அதற்கு முன் 1991 இல் எவாங் சட்டம் என்று ஒன்று, தொலைக்காட்சியில் மது விளம்பரத்தை முற்றாக நிறுத்தியது. 2017 இல் நாட்டின் பொதுச் சுகாதார நிபுணர்கள் ஒரு வரம்பு வகுத்தார்கள்: நாளுக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், அதுவும் எல்லா நாளும் வேண்டாம், வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். இப்போது ஜனவரி மாதம் முழுவதும் குடிக்காமல் இருப்பது இளையவர்களிடையே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால் சட்டத்தைவிடச் சாப்பாட்டு மேசைதான் பெரிய காரணம். வைன் தனியாக வாழும் பானம் இல்லை. தகப்பன் போத்தலைத் திறந்து எல்லாருக்கும் ஊற்றும் மேசை ஒன்று அதற்கு வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு அறையில் சாப்பிடும் வீட்டில் திறந்த போத்தலை யார் முடிப்பது?

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்களாமே?

கொடுத்தார்கள். பள்ளி உணவகத்தில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மது கூடாது என்று 1956 இல்தான் உத்தரவு வந்தது. மேல்வகுப்புகளுக்கு 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, பிரதமராக இருந்த மெந்தேஸ் பிரான்ஸ் என்பவர், 1954 இல் வைனுக்குப் பதில் பாலைக் குடியுங்கள் என்று பள்ளிகளில் பால் கொடுக்கச் செய்தார். அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. இதை நான் சொன்னபோது வகுப்பில் ஒரு பிள்ளை, “சேர், எங்களுக்கு மட்டும் ஏன் பிஸ்கட்?” என்று கேட்டார்.

அப்படியானால் இப்போது என்ன குடிக்கிறார்கள்?

ஹோட்டலுக்குப் போகும் பிள்ளைகள் இந்தப் பதிலைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பழைய படத்தில் பிரான்ஸ்காரர் என்றால் தொப்பி, நீளப் பாண், சிவப்பு வைன். அந்தச் சிவப்புதான் அதிகம் விழுந்தது. வெள்ளை தாக்குப்பிடிக்கிறது. ரொசே என்னும் இளஞ்சிவப்பு வைன், நான் போன காலத்தில் கோடை விடுமுறைக்கு மட்டும் உரிய இலேசான பொருளாக மதிக்கப்பட்டது. சமையலறைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இன்று அந்நாட்டில் குடிக்கும் வைனில் மூன்றில் ஒரு பங்கு அளவு அதுவே. உலகிலேயே அதிகம் ரொசே குடிப்பவர்கள் அவர்கள்தான். பியர் பெருகிவிட்டது, ஊருக்கு ஊர் சிறிய பியர் ஆலைகள் முளைத்திருக்கின்றன. இளையவர்கள் மாலை ஏழு மணிக்குக் கூடி, கொறித்துக்கொண்டே, செம்மஞ்சள் நிறத்தில் பனிக்கட்டி மிதக்கும் கலவைப் பானம் குடிக்கிறார்கள். சாப்பாட்டோடு வைன் என்ற ஒழுங்கு உடைந்து, சாப்பாட்டுக்கு முன் ஏதோ ஒன்று என்று ஆகிவிட்டது. பல்பொருள் அங்காடியில் கணிசமான பங்கு வைன் அட்டைப் பெட்டிக்குள் பையாக, குழாய் வைத்து விற்கிறது. பாரிஸின் பதினோராம் வட்டாரத்துக்குப் போனால் ‘இயற்கை வைன்’ மதுச்சாலைகள் வரிசையாக இருக்கும். மருந்தடிக்காத திராட்சை, வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காத புளிப்பு, கலங்கலான நிறம். அதில் சில போத்தல்கள் நம் ஊர்ப் பிந்திய கள்ளைப் போலவே மணக்கும். என் மூக்குக்கு அது பழகவே இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. மக்கள் இலேசான, குளிர்ந்த, புளிப்பான வைனைத் தேடுகிறார்கள். வெயிலோ எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கோடைச் சூடு கூடக் கூடப் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. முன்பு பன்னிரண்டு சதவீத மதுசாரத்தில் நின்ற, போர்தோ என்னும் பிரான்ஸ் வைன் பகுதியின் சிவப்பு இப்போது பதினான்கைத் தொடுகிறது. அறுவடையும் சில தசாப்தங்களுக்கு முன் இருந்ததைவிட இரண்டு மூன்று வாரம் முந்திவிட்டது. அதனால் வெப்பம் தாங்கும் சில திராட்சை வகைகளைப் போர்தோவில் நடுவதற்கு 2021 இல் அனுமதித்திருக்கிறார்கள். தூரிகா நசியோனால் என்ற போர்த்துக்கல் நாட்டு வகையும் அதில் ஒன்று.

ஆகவே பிரான்ஸ் விருந்தினர் உட்கார்ந்தவுடன் சிவப்பு வைன் பட்டியலை நீட்டாதீர்கள். என்ன விருப்பம் என்று கேளுங்கள். பாதிப்பேர் தண்ணீர் என்பார்கள்.

தோட்டக்காரர்கள் என்ன ஆனார்கள்?

அம்பாறையிலிருந்து வந்த ஒரு நெல் விவசாயி கேட்டது. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, எண் மட்டும்தான் தேவைப்பட்டது. 2023 இல் பிரான்ஸ் அரசு, விற்காமல் தேங்கிய வைனை வாங்கி வடித்து அழிக்க 200 மில்லியன் யூரோ ஒதுக்கியது. அப்படி வடித்த மதுசாரம் கிருமி கொல்லும் திரவத்துக்கும் வாசனைப் பொருளுக்கும் போகும். போர்தோவில் ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் கொடியை வேரோடு பிடுங்கக் காசு கொடுத்தார்கள். தகப்பன் நட்ட கொடியைப் பிடுங்கி, குவித்து, எரிப்பதை நினைத்துப் பாருங்கள்.

இது முதல் முறையும் அல்ல. 1907 இல் தெற்கே லாங்தொக் பகுதியில் விளைச்சல் மிஞ்சி, சர்க்கரை கலந்த போலி வைனும் சந்தையை நிறைத்து, விலை அடிமட்டத்துக்குப் போனது. இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். நார்போன் நகரில் படை சுட்டதில் சிலர் இறந்தார்கள். பதினேழாம் காலாட்படையின் வீரர்கள், அந்த ஊர்ப் பிள்ளைகள்தான், கலகம் செய்து மக்கள் பக்கம் போனார்கள். அறுவடை முடிந்த கையோடு நெல் விலை விழுவதைப் பார்த்தவருக்கு இதில் ஆச்சரியம் இராது. அந்த விவசாயி கேட்ட அடுத்த கேள்வி, “பிடுங்கிய நிலத்தில் என்ன போட்டார்கள்?” என்பது. சிலர் ஒலிவ மரம், சிலர் தானியம், சிலர் தரிசு.

போத்தலில் எந்தப் பழம் என்று ஏன் எழுதுவதில்லை? ஊர்ப் பெயர்தானே இருக்கிறது?

மட்டக்களப்புத் தயிர் என்று கேட்டு வாங்குகிறோம். எருமை எந்த இனம் என்று யார் கேட்கிறார்? அவர்களுக்கும் ஊர்தான் பெயர். எந்த ஊரில் எந்தப் பழம், எவ்வளவு விளைச்சல் என்பதை 1935 இல் தொடங்கிய ஓர் அரச நிறுவனம் வரையறுத்து வைத்திருக்கிறது. மனப்பாடம் செய்ய இவ்வளவு போதும்: பூர்கோன் சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் பெரும்பாலும் ஷார்தொனே. ஷப்லி என்றாலும் ஷார்தொனேதான். போர்தோ சிவப்பு மெர்லோவும் கபெர்னே சோவினியோனும் சேர்ந்த கலவை. அவுஸ்திரேலியா, சிலி போத்தல்களில் பழத்தின் பெயரே பெரிதாக இருக்கும். பாசிக்குடாவில் உங்கள் கைக்கு அவைதான் அதிகம் வரும்.

பிரான்ஸ் வைன்தான் உலகில் முதன்மையானதா?

அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் பெயரை மறைத்து ஒரு சுவைப் போட்டி நடந்தது. பிரான்ஸ் நடுவர்களே புள்ளி போட்டார்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. என் முதலாளியிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். அன்று எனக்கு வீட்டுக்குப் போகப் பிந்திவிட்டது.

பாரிஸில் இருக்கும் தம்பி ஆறு ஆண்டுக்கு முன் கொண்டுவந்த போத்தல் ஷோகேஸில் இருக்கிறது. இப்போது அதற்கு மதிப்புக் கூடியிருக்குமா?

இருக்காது. பழையதாகப் பழையதாக நன்றாகும் என்பது வைன்களில் ஒரு சிறு பகுதிக்குத்தான் பொருந்தும். அதுவும் பதின்மூன்று பாகை அளவில் இருக்கும் நிலவறையில் படுக்கவைத்தால்தான். கடையில் வாங்கும் பெரும்பாலான வைன் ஓரிரு ஆண்டுக்குள் குடிக்க வேண்டியது. நம் வீட்டு ஷோகேஸில் முப்பது பாகைச் சூடு, ஜன்னல் வெளிச்சம், நிற்கவைத்ததால் காய்ந்துபோன தக்கை. திறந்தால் மண்ணிறமாகவும் காய்ந்த பழ வாசனையாகவும் இருக்கும். நஞ்சு இல்லை, சுவையும் இல்லை. விஸ்கி, கொன்யாக் போன்ற வடித்த மது என்றால் அப்படியே கிடக்கும். ஷோகேஸ் அவற்றுக்குத்தான் சரி. போத்தலின் அழகுக்காக வைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

சிவப்பு வைனைப் பிரிட்ஜில் வைக்கக் கூடாதாமே?

‘அறை வெப்பநிலை’ என்று புத்தகத்தில் எழுதியவருடைய அறை கல்லால் கட்டிய பழைய பிரான்ஸ் வீட்டு அறை. அங்கே பதினேழு, பதினெட்டுப் பாகை. கல்குடாவில் சித்திரை மாதத்து அறை எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே சிவப்பை அரை மணி நேரம் குளிரூட்டிக் கொடுங்கள். வெள்ளையும் ரொசேயும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும்.

வாவி நண்டுக் கறிக்கு எது பொருந்தும்?

இளநீர். வைன்தான் வேண்டும் என்று விருந்தினர் கேட்டால் தடித்த சிவப்பைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள துவர்ப்பும் மதுசாரமும் மிளகாயின் எரிவைக் கிளறிவிடும். குளிர்ந்த ரொசே, அல்லது பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலிருந்து வரும் சற்று இனிப்புள்ள வெள்ளை சரியாக இருக்கும். தேங்காய்ப் பால் அதிகம் சேர்ந்த மீன் சொதிக்கு வெள்ளை நன்றாகப் போகும்.

ஒரு துளி ஊற்றியதும் விருந்தினர் சுவைத்துப் பார்க்கிறாரே, பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுக்க வேண்டுமா?

அவர் பார்ப்பது பிடிக்கிறதா என்று அல்ல. கெட்டிருக்கிறதா என்று. சில தக்கைகளில் பூஞ்சையால் உண்டாகும் ஒரு வேதிப்பொருள் வைனுக்குள் இறங்கிவிடும். ஈரமான கடதாசி அட்டை, அல்லது மாரி காலத்தில் மடித்துவைத்த சாக்கு, அந்த வாசனை வரும். அப்படி என்றால் மறுபேச்சில்லாமல் வேறு போத்தல்.

நான் தட்டுத் தூக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு கிழவி போத்தலைத் திருப்பினார். புதுப் போத்தல், என் கண் முன்னாலேயே திறந்தது. “மேடம், இது புதிது” என்று உடைந்த பிரெஞ்சில் நியாயம் பேசினேன். அவர் கிளாஸை என் மூக்கின் கீழே நீட்டினார். பிறந்த ஊரின் நெல்மூட்டை மணந்தது. அன்று முதல் மூக்கை நம்புகிறேன், முத்திரையை அல்ல.

கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். விளிம்பு வரை ஊற்றுவது நம் உபசாரம். அங்கே அது அவசரம் என்று படும். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள்.

சிவப்பு வைன் இருதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

1991 இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, கொழுப்பு உண்ணும் பிரான்ஸ்காரருக்கு இருதய நோய் குறைவு என்பதைச் சிவப்பு வைனோடு முடிச்சுப்போட்டது. அமெரிக்காவில் விற்பனை பாய்ந்தது. பிந்திய ஆய்வுகள் அதை நம்பவில்லை. மது புற்றுநோய் உண்டாக்கும் என்று 1988 இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் என்னிடம் கேட்காமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

வைனில் வெறி குறைவுதானே?

ஒரு போத்தல் பதின்மூன்று சதவீத வைனில் ஏறத்தாழ 98 மில்லிலீட்டர் தூய மதுசாரம் இருக்கிறது. 33.5 சதவீதச் சாராயத்தில் அதே அளவு ஏறத்தாழ 290 மில்லிலீட்டரில் இருக்கும். அதாவது ஒரு போத்தல் வைன், கால் போத்தல் சாராயத்துக்கு மேல், அரைப் போத்தலுக்குக் கீழ். ‘வைன்தானே’ என்று முழுப் போத்தலையும் முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

கள்ளும் ஒரு வைன்தானா?

செய்முறையில் ஆம். சர்க்கரையை ஈஸ்ட் மதுசாரமாக்குகிறது, அவ்வளவுதான். திராட்சைக்கு வாரங்கள் ஆகும், தென்னம்பாளைச் சாற்றுக்குச் சில மணி நேரம் போதும். காலையில் இறக்கியது மாலையில் வேறு ஆள். அதனால்தான் கள்ளு தவறணையைத் தாண்டிப் பயணம் போகவில்லை. வைன் கப்பல் ஏறியது.

அல்கஹோல் நீக்கிய வைனை முஸ்லிம்கள் பரிமாறலாமா, குடிக்கலாமா?

ஓட்டமாவடித் தம்பி ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சொல்கிறேன். அது முதலில் உண்மையான வைனாகச் செய்யப்படுகிறது. பிறகு வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் ஆவியாக்கியோ, மெல்லிய சவ்வில் வடித்தோ மதுசாரத்தை எடுக்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி 0.5 சதவீதம் வரை எஞ்சலாம். ஆகுமா ஆகாதா என்பதை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். வேலையில் சேரும் முன்பே, மது பரிமாறும் பகுதி வேண்டாம் என்று முகாமையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. திராட்சைச் சாறு கேட்பவருக்குச் சாறு கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள்.

அங்கே பெண்களும் குடிப்பார்களா?

குடிப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பல வீடுகளில் போத்தலைத் தேர்ந்தெடுப்பதே பெண்கள்தான். நம் நாட்டில் 1979 ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, மது விற்கும் இடங்களில் பெண்களுக்கு விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை நிறுத்தச் சொன்னார். அந்தச் சில நாட்களில் நம் ஊரில் யார் போய் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பூரணை தினத்தில் வெளிநாட்டு விருந்தினர் கேட்டால்?

விற்க முடியாது. சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். முதல் நாளே நினைவூட்டினால் சண்டை வராது.

தேவாலயத்தில் கொடுக்கும் திராட்சைரசமும் இதுதானா?

கத்தோலிக்கத் திருப்பலியில் புளித்த வைன்தான். மெதடிஸ்தரிடையே புளிக்காத சாறு பழைய வழக்கம். அவர்கள் மட்டக்களப்புக்கு வந்தது 1814 இல். பெயரில் ஒரு குழப்பம் உண்டு. முந்திரிகை என்றால் சிலருக்குத் திராட்சை நினைவுக்கு வரும், சிலருக்குக் கஜு. கொடிமுந்திரிகை, மரமுந்திரிகை என்று பிரித்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மரமுந்திரிகைப் பழத்தில் வைன் எப்படி வடிப்பது என்று என்னிடம் கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள்.

நீங்கள் குடிப்பீர்களா?

ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை. பாரிஸிலிருந்து பழைய கூட்டாளிகள் வந்தால் ஒரு கிளாஸ், ரொசே. இரண்டாவது கிளாஸை மனைவி விட மாட்டார். முடிந்ததும் கிளாஸ் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிடுவார், பழகின கை என்று.